கேஷுவலாக இருந்தவளுக்கு

என் செல்ல மாலு,

மார்பில் கட்டி தட்டுப்பட்ட பிறகும் அவ்வளவு கேஷுவலாக இருந்தாயே, அது நிஜமா, நடிப்பா? உன்னைப் பாடையில் தூக்கிக்கொண்டு போன நாளிலிருந்து யோசிக்கிறேன். இப்போது கேட்கக் காரணம் இருக்கிறது. போன வாரம் குளிக்கும்போது என் கைக்கும் ஒன்று தட்டுப்பட்டது. இடது பக்கம். உனக்கு இருந்த அதே பக்கம்.

கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறேன் என்றுதான் பேர். கேஷுவல் என்றால் தமிழில் என்ன என்று மாணவிகள் கேட்டால் இன்றும் தடுமாறுவேன். தற்செயலாக நடப்பது, சாதாரண உடை, நிரந்தரமில்லாத வேலை என்று அகராதி அடுக்கும். நம் ஊரில் புழங்குவது வேறு. ஒருத்தியை அலட்சியமாக இருக்கிறாள் என்றால் திட்டு; கேஷுவலாக இருக்கிறாள் என்றால் பாராட்டு. வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன.

உன்னை எல்லாரும் பாராட்டினார்கள். உங்கள் சேலையூர்ப் பள்ளி ஸ்டாஃப் ரூமில் கேஷுவல் லீவை எப்படிப் பொத்திப் பொத்தி வைப்பீர்கள்! நாத்தனார் வீட்டுக் காதுகுத்துக்குப் போடலாம், பிள்ளையின் பொதுத்தேர்வுக்குப் போடலாம். தன் உடம்புக்குப் போட்டால் மட்டும் வீண். “ஒரு சின்னக் கட்டிக்குப் போய் ஒரு சி.எல். வேஸ்ட் பண்ணச் சொல்றியாக்கா? ஆனுவல் லீவ் வரட்டும், பாத்துக்கலாம்” என்று சிரித்தாய். லீவ் வந்தது. அதற்குள் அது பரவியிருந்தது.

நேற்று எங்கள் ஸ்டாஃப் ரூமில் சுமதி, “மேடம், உங்க சி.எல். எல்லாம் அப்படியே கிடக்கே. பொங்கலோட சேத்துப் போட்டு எங்கயாவது போய்ட்டு வாங்களேன்” என்றாள். தலையாட்டினேன். ஸ்கேனையும் பொங்கலுக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று அந்த நிமிடமே மனது தீர்மானித்துவிட்டது. யாருடைய மனது அது, மாலு?

இன்று மாலை நித்யாவிடம் சொன்னேன், பீன்ஸ் நறுக்கிக்கொண்டே. அவள் ஹெட்ஃபோனைக் கழற்றினாள்.

“என்னம்மா, இவ்ளோ கேஷுவலா சொல்ற? அப்படியே சித்தி மாதிரி.”

“அதெல்லாம் ஒண்ணும் இருக்காதுடி.”

“பயமா இல்லியா?”

“எதுக்குப் பயம்?”

“நாளைக்கு நான் ஆபீஸ் போகல. நாவலூர் ஆபீஸ் எங்கயும் ஓடிடாது. ஆஸ்பத்திரிக்கு உன்கூடத்தான் வரேன்.”

எதுக்குப் பயம் என்று கேட்டேனே, அது பொய். என் மகளுக்கே அது தெரியவில்லை. உனக்கும் இப்படித்தான் இருந்ததா? நாங்கள் அத்தனை பேரும் உன்னைத் தைரியசாலி என்று சொல்லிச் சொல்லியே உன் வாயை அடைத்துவிட்டோமா?

நாளை லீவ் போடுகிறேன். காரணத்தை மறைக்க மாட்டேன். பயமாக இருக்கிறது என்று ஒருவரிடமாவது வாய்விட்டுச் சொல்வேன். உன் மேல் சத்தியம்.

மறுநாள் மாலை இதை எழுதுகிறேன்.

காலையில் முதல்வருக்குப் போன் செய்து, மார்பில் கட்டி, பரிசோதனைக்குப் போகிறேன் என்றேன். “பர்சனல் ஒர்க்னு சொன்னாலே போதுமே மேடம்” என்றார், பாவம்.

பெருங்களத்தூரில் பண்டிகைக் கூட்டம். ஆட்டோ நகரவில்லை. “டென்சன் ஆவாதம்மா, டைமுக்கு இட்டுகினு போய் வுட்டுருவேன்” என்றார் ஓட்டுநர். அப்படியே நின்றுவிட்டால் தேவலை என்றிருந்தது எனக்கு.

ஸ்கேனுக்குப் பிறகு, ஊசி போட்டுச் சதை எடுக்கும் அறையில் நர்ஸ், “ஒண்ணுமில்லம்மா, கேஷுவலாப் படுங்க” என்றாள்.

“பயமா இருக்கு” என்றேன். நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது.

அவள் என்னைப் பார்த்தாள். “சரி, என் கையப் புடிச்சுக்கோங்க.”

பிடித்துக்கொண்டேன். முடிவு வர நாளாகுமாம். வெளியே வந்தபோது அந்த நர்ஸின் விரல்களில் என் நகம் பதிந்திருந்ததைச் சொல்லி நித்யாவிடம் அழுதேன்.

இன்னமும் பயந்துகொண்டிருக்கும்,
உன் அக்கா