தாய்மாமன் சீராக ஒரு நங்கூரம்

ஜனவரி 19, ஞாயிறு

இன்று எனக்கு நேர்ந்த அவமானத்தை எழுத இந்த டைரி பத்தாது, கல்வெட்டுதான் வேண்டும். பொங்கல் கழிந்து தங்கையைப் பார்க்க விழுப்புரம் போனேன். காந்திமதி வடை சுட்டுப் போட்டாள். ஐந்தாவது வடையில் இடி விழுந்தது. அவள் மகள் கலைப்பிரியா செல்போனை நீட்டி, நங்கூரம் ஆர்டர் பண்ணப் போகிறேன், நன்றாக இருக்கிறதா பாருங்கள் என்கிறாள்.

பாண்டிச்சேரியில் வேலை பார்க்கிறவள், தோழி ஸாலிஹாவோடு சேர்ந்து பழைய பாய்மரப் படகு ஒன்று வாங்கியிருக்கிறாள். உள்ளேயே படுக்கை, அடுப்பு. பிப்ரவரியில் இரண்டு பேரும் கரையோரமாகவே பாம்பன் வரை போவார்களாம். இருட்டினால் நங்கூரம் போட்டுவிட்டுத் தூங்குவார்களாம்.

நான் கேட்கிறேன். திண்டிவனத்தில் நாற்பது வருஷமாக வெல்டிங் பட்டறை வைத்து, கூட்டேரிப்பட்டிலிருந்து ஒலக்கூர் வரை திருடனும் கும்பிட்டுவிட்டுப் போகிற மாதிரி கேட் போட்டவன் தாய்மாமனாக இருக்கும்போது, நங்கூரம் ஆன்லைனிலா? காது குத்த என் மடி வேண்டும், சடங்குக்கு என் சீர் வேண்டும், கடலுக்குப் போக மட்டும் கூரியர்காரனா?

அந்த நங்கூரத்தையும் பார்த்தேன். ஏர்க்கலப்பையில் கொழு மட்டும் கழன்று விழுந்த மாதிரி ஒரு உருப்படி. கடலை உழுது மல்லாட்டை விதைக்கப் போகிறாயா என்று கேட்டேன். சிரிக்கவில்லை.

ஜனவரி 20

இன்னும் ஆறவில்லை.

ஜனவரி 24

பட்டறையில் எல்லா வேலையையும் நிறுத்திவிட்டேன். சுவரில் தொங்கும் காலண்டரில் ஒரு கப்பல் படம், ஓரத்தில் நங்கூரம். அதைப் பார்த்து அப்படியே அடித்துவிட்டேன். மேலே குறுக்குக் கம்பி, கீழே வளைந்த இரண்டு கொம்பு, கொம்பு நுனியில் கேட்டுக்கு வைக்கிற ஈட்டிமுனை, அதற்குத் தங்கக் கலர் பெயின்ட். நாற்பத்திரண்டு கிலோ. இதைக் கடலில் போட்டால் படகு என்ன, பாண்டிச்சேரியே நகராது.

போட்டோ எடுத்து அனுப்பினேன். நெடுநேரம் பதில் இல்லை. வாயடைத்துப் போயிருப்பாள்.

ஜனவரி 27

வாயடைக்கவில்லை. கனம் முக்கியமில்லையாம், மண்ணில் புதைய வேண்டுமாம். கையால் இழுத்து ஏற்றுவது நாங்கள் இரண்டு பேர்தான் மாமா என்கிறாள். கேப்பைக் களி சாப்பிடு என்றேன். கலப்பைதான் வாங்குவேன் என்றாள். சரி, அப்படியானால் என் சீர் வேண்டாதவர்கள் வீட்டுப் படியை இனி நான் மிதிப்பதில்லை என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். மூவேந்தரும் எழுந்து நின்று கைதட்டியிருப்பார்கள்.

ஜனவரி 30

வெற்றி! அவளே கூப்பிட்டாள். “சரி மாமா. ஆர்டரை கேன்சல் பண்ணிட்டேன். உங்களதே எடுத்துக்கினு போறேன்.”

ஆனால் ஒன்று இடிக்கிறது. எட்டு வயதில் ஒரு பலூனுக்காக மயிலம் தேரையே நிறுத்தினவள், இவ்வளவு சுலபமாகவா விட்டுக்கொடுப்பாள்?

பிப்ரவரி 2, ஞாயிறு

சீர் கொடுக்குமுன் ஒரு வெள்ளோட்டம் பார்க்க நினைத்தேன். மரக்காணம் பக்கத்துக் குப்பத்து மீனவன் வெற்றிவேல் வீட்டு கேட்டும் என் கைதான். அவனுடைய ஃபைபர் படகில் ஏற்றிப் போய் நங்கூரத்தை இறக்கினோம். அவன் இன்ஜினை மெதுவாக ஓட்டிக் கயிற்றை இழுத்துப் பார்த்தான். கரையில் நின்ற தென்னைமரம் விலகிப் போனது. மரம்தான் நகர்கிறது என்று வாதாடினேன். அவன் மறுபடி இழுத்தான். மறுபடி மரம் நகர்ந்தது.

மேலே ஏற்றினால் கொம்பில் ஒரு துளி மண் இல்லை. தங்கக் கலர் பளபளக்கிறது.

“கேட்டு போட்ட கையி அண்ணே. எல்லாத்தையும் பட்டையா படுக்க வெச்சி அடிச்சிட்டீங்க.”

குறுக்குக் கம்பி கிழக்கு மேற்கென்றால் கொம்புகள் தெற்கு வடக்காக இருக்க வேண்டுமாம். அப்போதுதான் கம்பி தரையில் படுத்து ஒரு கொம்பை மண்ணுக்குள் தள்ளும். படத்தில் எல்லாம் பட்டையாகத்தான் தெரிந்தது. நாற்பது வருஷம் கம்பியைத் தரையில் கிடத்தி ஒட்டினவனுக்குச் சந்தேகமே வரவில்லை.

வெட்டித் திருப்பி ஒட்டித் தருகிறேன் என்றேன். ஒட்டலாம், ஆனாலும் காற்று மாறிப் படகு சுற்றினால் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கொம்பில் கயிறு மாட்டிப் பிடுங்கிவிடும் என்றான். “நாங்கன்னா முழிச்சிக்கினு இருந்து மாத்திப் போட்டுக்குவோம். அந்தப் பொண்ணுங்க தூங்கணும்ல?”

கலப்பைப் படத்தைக் காட்டினேன். இது தானே திரும்பித் திரும்பிப் புதைந்துகொள்ளும் என்று அவன் ஒரே பார்வையில் சொல்லிவிட்டான். துரோகி.

பிப்ரவரி 3

கடல் மேல் கோபம். மணல் மேல் கோபம். காலண்டரைக் கிழித்தாயிற்று. நான் சோதிக்காம கொடுத்திருந்தா? அது பாட்டுக்கு அந்தப் பிள்ளைங்க தூங்கிக்கினு, படகு பாட்டுக்கு போய்க்கினு— ச்சே. என்னா மனுஷன்டா நீ.

பிப்ரவரி 5

பதினேழு பொய் தயார் பண்ணி வைத்துக்கொண்டு கூப்பிட்டேன். ஒன்றும் வாயில் வரவில்லை.

“நான் அடிச்சது நிக்கலம்மா. கலப்பையவே வாங்கிடு.”

“போட்டோ பார்த்த அன்னிக்கே தெரியும் மாமா.”

“அப்புறம் ஏண்டி ஒத்துக்கினே?”

“படி ஏற மாட்டேன்னுட்டீங்க. அம்மா ரெண்டு நாளா சாப்பிடல.”

தெரிந்தே ஒத்துக்கொண்டிருக்கிறாள்! கத்தலாமென்று வாயைத் திறந்தேன். யாரைப் பார்த்துக் கத்துவது?

பிப்ரவரி 16, ஞாயிறு

கலப்பை என் விலாசத்துக்கு வந்தது. நான்தான் அனுப்பச் சொன்னேன். மஞ்சள் குங்குமம் வைத்து, வெற்றிலை பாக்கு வாழைப்பழத்தோடு தாம்பாளத்தில் வைத்துப் பாண்டிச்சேரி பஸ்ஸில் மடியில் தாங்கிப் போனேன். பதினைந்தே கிலோ! இதையா சீர் என்பது? கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கேட்டான். சீருக்கு லக்கேஜா என்று திண்டிவனமே அதிரச் சண்டை போட்டேன். கடைசியில் கொடுத்துத் தொலைத்தேன். காந்திமதி வந்திருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே, கிளம்புகிற படகுக்குத் திருஷ்டி கழித்தாள்.

பிப்ரவரி 24, திங்கள்

நேற்று மாலை மல்லிப்பட்டினம் பக்கம் நங்கூரம் போட்டார்களாம். காற்று ஒரு பக்கம் நில்லாமல் திரும்பித் திரும்பி அடிக்கிறது என்று தகவல் வந்தது. போனில் அவர்கள் இருக்கிற இடத்தைக் காட்டும் புள்ளியையும் அனுப்பியிருந்தாள். விடிந்ததிலிருந்து பார்க்கிறேன். புள்ளி நேற்றிருந்த இடத்திலேயே இருக்கிறது.

ஏழு மணிக்குக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. எட்டுக்கு எடுக்கவில்லை. எட்டரைக்கு எடுத்து, “தூங்கிக்கினு இருக்கோம் மாமா, அப்புறம் பேசுங்க” என்று கட் பண்ணிவிட்டாள்.

தாய்மாமன் போனைக் கட் பண்ணுகிறாள். எட்டரை மணி வரை தூக்கம். என்ன திமிர்.