ஈரத்தின் மேல் பூசிய வெள்ளை

என் ஆசை அக்கா தெரேசா,

இங்கே எல்லாரும் சுகம். சுங்கை லாலாங் தோட்டத்தில் நீ ரப்பர்ப் பாலுக்கு மரம் வெட்டிய நிரையில் இப்போது எண்ணெய்ப்பனை நிற்கிறது. நான் லூனாஸிலிருந்து ஃபேக்டரி பஸ்ஸில் வேலைக்குப் போகிறேன். இதையெல்லாம் முதலில் சொல்வது, சொல்ல வேண்டியதைத் தள்ளிப்போடத்தான்.

உன் கல்லறைச் சிலுவை விழுந்துவிட்டது, அக்கா.

கல்லறைத் திருநாளன்று ஃபாதர் தீர்த்தம் தெளித்துக்கொண்டிருந்தார். நான் சிலுவைக்குச் செவ்வந்தி மாலை போட்டேன். அந்தப் பாரம்கூடத் தாங்காமல், மண்ணை ஒட்டிய இடத்தில் முறிந்து அவர் காலடியில் விழுந்தது. உள்ளே மரமே இல்லை, ஊறிப்போன தூள். உன் நாத்தனார் ரோசம்மா சும்மா இருப்பாரா? “பெயிண்டுதான்லா நின்னுக்கிட்டிருந்துச்சு. மரம் எப்பவோ போயிருச்சு” என்றார், எல்லாரும் கேட்க. என் மானம் கப்பலேறிவிட்டது.

வருடா வருடம் திருநாளுக்கு முந்தின நாள் நான்தான் பூசுவேன். அது மழைக்காலம். நனைந்த மரத்தைத் துணியால் ஒற்றிவிட்டு வெள்ளைப் பெயிண்டை அப்பிவிடுவேன். “உங்க சிலுவைதான் பளிச்சுன்னு இருக்கு” என்று யாராவது சொன்னால் உச்சி குளிர்ந்துவிடும். உள்ளே அடைபட்ட ஈரம் மரத்தைத் தின்றது எனக்குத் தெரியவில்லை. மண்ணுக்குள் இருந்த அடிக்கட்டைக்கு ஒரு சொட்டும் பூசியதில்லை. அது யார் கண்ணிலும் படாதே!

நீ இருந்தால் விட்டிருப்பாயா? பூசைக்குக் கிளம்பும்போது என் தாடையைப் பிடித்துக் கத்துவாயே: “வேர்வை மேலயே பவுடரை அப்புறியேடி, முதல்ல தொடை!”

“உங்களுக்குமா தெரியல, அத்தான்?” என்று உன் வீட்டுக்காரரிடம் கேட்டேன். “தெரியும் மேரி. நீ ஆசையா பூசுன. எப்படிச் சொல்றது?” என்றார். இன்னும் கூசிப்போனேன். உனக்காகவா பூசினேன், பார்க்கிறவர்களுக்காகவா?

புதுச் சிலுவை எங்கள் வீட்டுக் கூரைக்கடியில் காய்கிறது. காய்ந்ததும் அடிக்கட்டைக்குத் தார். மற்ற இடமெல்லாம் மரம் குடிக்கிற மட்டும் எண்ணெய், வெட்டுமுனைகளில் கூடுதலாக. எண்ணெய் நன்றாக உலர்ந்த பிறகுதான் பெயிண்ட். இதற்கெல்லாம் வெயில் வேண்டும்.

ரோசம்மா விடவில்லை. “கிறிஸ்மஸுக்குக் கல்லறை மொட்டையாவா கெடக்கும்? மாலுலா!”

வெட்கக்கேடாம். எனக்கும் வெட்கம்தான். “மழை விடட்டும்” என்றேன், தலையைக் குனிந்துகொண்டு.

கிறிஸ்மஸன்று அந்த வெறும் மண்மேட்டுக்குப் பக்கத்தில் நான் நிற்பேன், அக்கா. யார் கேட்டாலும், சிலுவை விழுந்தது என் வேலையால்தான் என்று சொல்வேன். மரம் காயாமல் பிரஷைத் தொடமாட்டேன், உன்மேல் சத்தியம்.

இனியாவது துடைத்துவிட்டுப் பூசப்போகிற
உன் தங்கை,
மேரி