பூட்டை வெட்டியவன்

மார்ச் 3
பம்ப் ஹவுஸ் மோட்டாருக்கு பேரிங் மாற்றினேன். உடம்பெல்லாம் கிரீஸ். சீக்கிரம் படுக்கிறேன்.

மார்ச் 4
மோட்டார் சுவிட்சில் மாட்டிய என் பூட்டைக் கழற்ற மறந்து வந்திருக்கிறேன். மாட்டியவன்தான் கழற்ற வேண்டும். வேலையில் ஆள் இருக்கும்போது வேறு எவனும் மோட்டாரை ஓட்டிவிடக் கூடாது என்பதற்கான விதி அது.

நேற்று ராத்திரி இன்னொரு மோட்டாரும் நின்றுபோக, ஊருக்கே தண்ணீர் நின்றிருக்கிறது. ஷிஃப்டில் சுருளன், என்னோடு டிப்ளமா படித்தவன். உள்ளே ஆளில்லை என்று சுற்றிப் பார்த்துவிட்டு, பூட்டை வெட்டி மோட்டாரை ஓட்டிவிட்டான்.

அதற்கு முன் எனக்குப் போன் அடித்தான். பார்த்தேன். இவனுக்கு வேற வேலையில்ல என்று கட் பண்ணிவிட்டுப் படுத்தேன்.

மார்ச் 6
விசாரணை. போன் அடித்தேன் என்றான் அவன். எனக்கு வரவில்லை என்றேன். கூசாமல். பூட்டை வெட்டியது சரியா என்று மேனேஜர் கேட்டார். "ஹி ஓவர்ஸ்டெப்ட், சார்" என்றேன்.

வெளியே வந்ததும் சுருளன் கேட்டான்: "அதென்னடா வார்த்தை? அந்த ஆளு மூஞ்சியே மாறிடுச்சு."

"எல்லை மீறிட்டன்னு அர்த்தம்."

"மீறினேன்தான். நீ எல்லைக்குள்ளயே இழுத்துப் போத்திக்கிட்டுத் தூங்கினே."

மார்ச் 7
அவனை வேலைக்கு வரவேண்டாம் என்றுவிட்டார்கள். அநேகமாக நிரந்தரமாக. இஞ்சி தின்ன குரங்கு மாதிரி ஏன் உட்கார்ந்திருக்கிறாய் என்றாள் அம்மா.

மார்ச் 8
'ஓவர்ஸ்டெப்' என்பதை அகராதியில் பார்த்தேன். தனக்குத் தந்த அதிகாரத்தைத் தாண்டிப் போவது. கீழே எடுத்துக்காட்டுகள்: அதிகாரி தாண்டினார், குழு தாண்டியது, அவள் தாண்டினாள். ஒன்றில்கூட 'நான்' இல்லை.

சரி, அவன் தாண்டினான். நான்? போக வேண்டிய இடத்துக்கே போகவில்லையே. அதற்கு என்ன வார்த்தை? வேண்டாம். பொய் சொன்னேன், அவ்வளவுதான்.

மார்ச் 10
போன் வந்ததை மேனேஜரிடம் சொல்லிவிட்டேன். "அன்னைக்கு இதைச் சொல்ல வாய் வரல, இங்கிலீஷ் மட்டும் வந்துச்சா?" என்றார். என் வேலை நிரந்தரமாவது ஒரு வருடம் தள்ளிப்போகிறது. போகட்டும்.

மார்ச் 14
சுருளன் திரும்பி வந்துவிட்டான். இருவருக்கும் ஒரே ஷிஃப்ட். காலையிலிருந்து எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். கடைசியில் நானே கேட்டேன், வால்வைத் திறந்துட்டியாடா என்று.

"திறந்தாச்சு சார். வேற எதுவும் செய்யணும்னா சொல்லுங்க."