ஜெகதீஷ் ரூம் ஏசி

பவ்யா, உப்புமா ஹாட்பேக்கில் இருக்கிறது. சாவி ஷூ ரேக் மேல்.

மீட்டரைப் போய்ப் பார்த்தேன். மே மாதம் நாம் மூன்று பேரும் ஊருக்குப் போயிருந்தபோது வீடு பூட்டியிருந்ததால், ரீடிங் எடுக்க வந்தவர் மார்ச் மாதக் கணக்கையே போட்டிருக்கிறார். விட்டுப்போன யூனிட்டெல்லாம் இந்தத் தடவை கரண்ட் பில்லில் ஏறிவிட்டது.

அம்பத்தூரில் கம்பெனி கம்பெனியாக பில் தணிக்கை செய்து, "மீட்டரைப் பார்க்காம பில்லை நம்பாதீங்க" என்கிறவன் நான். உன் தம்பி ஜெகதீஷிடம் மட்டும் பில்லை நீட்டி, "வேலைக்கும் போகாம பகலெல்லாம் ஏசி போட்டுத் தூங்குறியா?" என்று கேட்டுவிட்டேன். வெளியே போனவன், நான் கூப்பிட்டால் போனை எடுக்க மாட்டேன் என்கிறான். நீ கூப்பிடு.

நிர்மல்

பி.கு. அவன் ரூம் ஏசியைப் போட்டுப் பார்த்தேன். ஓடவில்லை. வெளியே இருக்கிற ஃபேனுக்குள் புறா கூடு கட்டி, குஞ்சு பொரித்துப் பறந்தே போயிருக்கிறது. வெயில் காலம் முழுக்க அவன் நம்மிடம் சொல்லவே இல்லை.