நிறம் சொன்ன அக்காவுக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

உன் ஊசி எழுதுவது. நேற்று நீ அம்மாவுக்கு அனுப்பிய வாய்ஸ் மெசேஜை நானும் கேட்டுவிட்டேன். நர்ஸ் வேலையை விட்டுவிட்டு வந்துவிடுகிறாயாம், கல்லூரிக்குப் பக்கத்திலேயே வீடு பார்க்கலாமாம், நான் படித்து முடிக்கும்வரை கூடவே இருந்து எனக்கு நிறம் சொல்வாயாம். ராஜினாமாவை இன்னும் கொடுக்கவில்லை என்றால் தயவுசெய்து கொடுக்காதே. இதை முழுசாகப் படித்துவிட்டு முடிவு பண்ணு. வீடியோ காலில் சொல்லியிருக்கலாம்தான். என் மூஞ்சியைப் பார்த்தால் நீ அழுவாய், நீ அழுதால் நானும் சரி வா என்று சொல்லிவிடுவேன். அதனால்தான் மெயில்.

அம்மா உன்னிடம் பாதியைத்தான் சொல்லியிருப்பாள். மீதியை நான் சொல்கிறேன்.

அந்தக் கல்லூரி இருக்கிறதே அக்கா, நாம் போனில் பார்த்ததெல்லாம் ஒன்றுமே இல்லை! ஓர் அறை முழுக்கத் தலையில்லாத பொம்மைகள், இடுப்பில் ஊசிகளைக் குத்திக்கொண்டு வரிசையாக நிற்கின்றன. துணி வெட்டும் மேஜை நம் ஹாலைவிடப் பெரியது. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அப்பா வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, ஜாக்கெட் தைக்க நாலு வருஷம் காலேஜாம் என்று பக்கத்தில் இருந்த இன்னோர் அப்பாவைக் கூட்டணி சேர்த்துக்கொண்டிருந்தார்.

நேர்காணலில் என் சட்டைகளைப் பார்த்த மேடம், காலரை யார் வெட்டியது என்று கேட்டார். நான்தான், வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டேன் என்றேன். அவர் இன்னொரு மேடத்தைக் கூப்பிட்டுக் காட்டினார். எனக்குக் கால் தரையில் இல்லை. அப்புறம் ஒரு டப்பா நிறையத் துணித் துண்டுகளைக் கொடுத்து நிறவாரியாக அடுக்கச் சொன்னார்கள். எல்லோருக்கும் முன்னால் முடித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். மேடம் வந்து ரொம்ப நேரம் பார்த்தார். கலைத்துவிட்டு மறுபடி அடுக்கச் சொன்னார். மறுபடியும் அப்படியேதான் அடுக்கினேன்.

"தம்பி, இது என்ன கலர்?"

"சாம்பல், மேடம்."

"இது?"

"அதுவும் சாம்பல்தான். கொஞ்சம் வெளிறின மாதிரி."

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இது ரோஸ்ப்பா. அது பச்சை. வீட்ல யாரும் உங்கிட்ட சொன்னதே இல்லையா?"

என்னை வைத்து விளையாடுகிறார் என்றுதான் நினைத்தேன்.

அதன் பிறகு போய்ப் பார்த்த கண் டாக்டர் நல்ல மனுஷன். இது நிறக்குருடு, பிறவியிலேயே வருவது, மருந்து கிடையாது என்று பொறுமையாகச் சொன்னார். பெரும்பாலும் அம்மா வழியாக வரும் என்றும் சொல்லித் தொலைத்தார். அன்றிலிருந்து அம்மா என் முகத்தைப் பார்ப்பதில்லை. விடும்மா என்று பக்கத்தில் போனால், துடைத்த அடுப்பையே திரும்பத் துடைக்கிறாள்.

ராத்திரி அவள்தான் சொன்னாள். நான் சின்னப் பையனாக இருந்தபோதே நீ கண்டுபிடித்துவிட்டாயாம். அவனிடம் சொல்லாதே, தையல் ஒன்றுதான் அவனுக்குச் சந்தோஷம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாயாம். அப்போதுதான் எல்லாம் விளங்கியது. நூல் கடையில் நீ ஏன் என்னை முந்திக்கொண்டு கை நீட்டினாய், நான் தைத்ததை நம் ஆன்லைன் பேஜில் படம் போடும் முன்னால் இந்தத் துணி எனக்குப் பிடிக்கவில்லை, மாற்று என்று ஏன் சண்டை பிடித்தாய் என்று. உனக்கு ரசனையே கிடையாது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேனே. நீ போன பிறகு நான் போட்ட படங்களுக்குக் கீழே, கிளி கூண்டிலிருந்து தப்பித்துவிட்டதா என்றெல்லாம் எழுதினார்கள். பொறாமை பிடித்தவர்கள் என்று எல்லோரையும் பிளாக் பண்ணினேன். பாவம், அவர்கள் கண்ணில் பட்டதைத்தான் எழுதியிருக்கிறார்கள்.

அம்மாவிடம் இன்னொன்றும் கேட்டேன். நீ வெளிநாடு கிளம்பும்போது, உனக்குத் தெரியாமல் நானே துண்டுத் துணி வாங்கி ஒரு கோட் தைத்துக் கொடுத்தேனே, அது எப்படி இருந்தது என்று. முதலில் மழுப்பினாள். அப்புறம், உடம்பு பழுப்பு, கை ரெண்டும் பச்சை என்றாள். எனக்கு எல்லாமே ஒரே நிறமாகத்தான் இருந்தது அக்கா. நீ அதைப் போட்டுக்கொண்டு விமான நிலையத்தில் எல்லாச் சொந்தக்காரர்கள் முன்னாலும் என் தம்பி தைத்தது என்று சுற்றிச் சுற்றிக் காட்டினாய். சித்தி ஏதோ சொல்ல வாயெடுத்ததும் அவளைக் காபி வாங்க அனுப்பினாய்.

உன்மேல் கோபமும் வந்தது, பொய் சொல்லமாட்டேன். முன்னாலேயே தெரிந்திருந்தால் வேறு எதன்மேலாவது ஆசைப்பட்டிருப்பேனே என்று நினைத்தேன். உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். வேறு எதன்மேலும் ஆசை வரவில்லை.

ஆடை வடிவமைப்பில் சேரக் கூடாது என்று மேடம் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு பாடத்துக்கும் யாரையாவது கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்றார். கீழ்த்தளத்தில் இன்னொரு படிப்பு இருக்கிறது. வேறு யாரோ வரைந்த உடையை, வேறு யாரோ நிறம் முடிவு செய்ததை, உடம்பில் சரியாக உட்காரும்படி அளவு போட்டு வெட்டித் தருவது. அங்கே வெட்டிப் பழகுவதெல்லாம் வெள்ளைத் துணியில்தான். அந்தக் காலரை வெட்டியவனுக்கு அங்கே இடம் உண்டு என்றார்.

ஒரு வருஷமாகக் கணக்குப் படி, வணிகவியல் படி என்று உயிரை எடுத்த அப்பா, திரும்பி வரும்போது பஸ்ஸில், "உனக்குப் பிடிச்சதையே படிடா" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவரோடு அவ்வளவு சண்டை போட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

உன் குரலைக் கேட்டதும் அரை நாள் சந்தோஷமாக இருந்தேன் அக்கா. அக்கா வந்துவிடுவாள், வடிவமைப்பிலேயே சேர்ந்துவிடலாம், பழையபடி அவள் திட்டிக்கொண்டே நூல் எடுத்துத் தருவாள் என்று. அப்புறம் நீ போன வாரம் வார்டிலிருந்து அனுப்பிய படத்தைப் பார்த்தேன். கண்ணெல்லாம் உள்ளே போயிருந்தது. ஆனால் நம் வீட்டில் ஒரு நாளும் நீ அப்படி நிமிர்ந்து நின்று நான் பார்த்ததில்லை. அந்த வேலைக்கு நீ எத்தனை பரீட்சை எழுதினாய் என்று எனக்குத் தெரியும். சரி, நீ வந்து என் படிப்பு முடியும்வரை இருக்கிறாய் என்றே வை. அப்புறம்? வேலைக்குப் போகிற இடத்துக்கும் உன்னைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவேனா?

இன்று காலை கீழ்த்தளப் படிப்பிலேயே சேர்ந்துவிட்டேன். மாற்ற முடியுமா என்று தேடாதே, கேட்டுவிட்டேன், முடியாது.

அதனால் வராதே. லீவு கிடைக்கும்போது வா. எனக்காக வராதே.

அங்கே நீ நன்றாக இருக்க வேண்டும். நேரத்துக்குச் சாப்பிடு. தம்பி என்ன படிக்கிறான் என்று யாராவது கேட்டால் துணி வெட்டுகிறான் என்று சொல். டிசைனர் என்று மட்டும் இப்போதைக்குச் சொல்லாதே. அந்தச் சொல் காதில் விழுந்தால் இன்னும் திரும்பிப் பார்க்கிறேன்.

அன்புடன்,
உன் ஊசி