என்னோடு நின்ற சமாதானம்

11.3.79, ஞாயிறு

மன்னிக்காதவன் அப்பமும் ரசமும் வாங்கத் திருவிருந்துக்கு வராதே என்று இன்று சர்ச்சில் போதகர் பிரசங்கித்தார். கேட்கவே எரிச்சலாக இருந்தது. அவர் ஒரு பிள்ளையைப் பறிகொடுத்துப் பார்க்கட்டும், அப்புறம் பேசட்டும். ஏலக்காய் லோடு ஜீப்பை மெட்டு மலைரோட்டில் உருட்டி என் மகனைச் சாகடித்த டிரைவர் செல்லையா என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான்.

பிரசங்கம் முடிந்ததும் வழக்கம்போல் பாட்டு தொடங்கியது; வரிசையில் ஒருவரிடம் வாங்கி, அடுத்தவர் கையைப் பிடித்துச் சமாதானம் சொல்லிக்கொண்டே வந்தார்கள்.

"அண்ணே, சமாதானம்ணே" என்று செல்லையா இரண்டு கையையும் நீட்டினான். நான் மடியிலிருந்து கையை எடுக்கவில்லை. அழுகை வரவில்லை. கோபம்கூட அப்போது இல்லை. கை மரத்துக் கிடந்தது.

எனக்கு அந்தப் பக்கம் கண் தெரியாத எங்கப்பா. என்னிடமிருந்து வாங்கிக்கொள்ளக் கையை விரித்து வைத்திருந்தார். பாட்டு முடிந்த பிறகும் அப்படியே வைத்திருந்தார்.