நீ எடுத்த கொலைப் படம்

கிள்ளான்,
9.11.2025

அன்பு மகள் ஷாமினிக்கு,

அப்பா எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் நான் அனுப்புவது எதையும் நீ பார்ப்பதில்லை. அதனால் உன் ரோம் முகவரியை உன்னோடு படித்த ஜெயராஜிடம் வாங்கித் தாளில் எழுதுகிறேன். அம்மாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. போன வார மழையில் நம் தாமான் குடியிருப்பில் முட்டளவு தண்ணீர், வீட்டுக்குள் வரவில்லை. அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும். காதை மூடிக்கொண்டு வெளியே போ.

நேற்று மத்தியானம் பிரிக்பீல்ட்ஸில் உன் குறும்படத்தைப் போட்டார்கள். ஜெயராஜ் கூப்பிட்டான், நான் மட்டும் ரயிலில் போனேன். விளக்கை அணைக்கும் முன் அவன் சொன்னான்: "அங்கிள், ரத்தம் கொஞ்சம் இருக்கும் லா. இத்தாலிக்காரன் அந்தக் காலத்துல எடுத்த ஜியாலோ ஸ்டைல். கொலைகாரன் முகத்தைக் காட்ட மாட்டான், கறுப்பு கிளவ்ஸ் மட்டும்தான் தெரியும்." ஜியாலோ என்றால் மஞ்சளாம். அங்கே மலிவு விலைத் துப்பறியும் நாவல்களுக்கு மஞ்சள் அட்டை போடுவார்களாம்.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. சிவப்பு விளக்கு, உடைந்து சிதறும் கண்ணாடி, சவரக்கத்தி. ஒரு பெண் சாவதை இத்தனை அழகாகக் காட்ட வேண்டுமா? மாதவி போய் இன்னும் இரண்டு வருடம்கூட ஆகவில்லை. அக்காவை அப்படிப் பறிகொடுத்தவள் இதை எடுக்கலாமா என்று எழுந்து போகப் பார்த்தேன்.

அப்போதுதான் திரையில் அந்தக் கிழவர் வந்தார். இந்த வகைப் படங்களில் ஒரு சாட்சி இருப்பானாம். கண்ணால் பார்த்திருப்பான், பார்த்தது என்னவென்று கடைசிவரை அவனுக்குப் புரியாதாம். உன் படத்துக் கிழவர் ஒரு பெண்ணைக் காரில் ஏற்றி அவள் புருஷன் வீட்டில் விடப் போகிறார். அவள் சட்டைக் கையை இழுத்து இழுத்து மணிக்கட்டை மறைக்கிறாள். அவர் ரேடியோவைத் திருகிக்கொண்டிருக்கிறார்.

ஷாமினி, அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. மாதவி உன்னிடம் சொல்லியிருக்கிறாள்.

அன்றைக்கு அவள், "அப்பா, ரெண்டு நாள் இங்கயே இருந்துட்டுப் போறேனே" என்று கேட்டாள். "மாப்பிள்ளை தனியா இருப்பாரும்மா, நாலு பேரு என்ன நினைப்பாங்க" என்று சொல்லி, நானே ஜெஞ்சாரோமில் மாப்பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டேன். மணிக்கட்டு கன்றிப்போயிருந்தது. கதவில் இடித்துக்கொண்டேன் என்றாள். நம்புவது எனக்குச் சுலபமாக இருந்தது. ஒன்பதாம் நாள் போலீஸ் கூப்பிட்டது.

அவளைக் கொன்றுவிட்டுச் சிறையில் இருக்கும் அவள் புருஷனை எல்லாரும் சபிக்கிறார்கள். என்னை யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நீ மட்டும் காரியம் முடிந்த அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை. ஏன் என்று நேற்றுதான் தெரிந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். என்னை ஜெயராஜ்தான் நாற்காலியிலிருந்து பிடித்துத் தூக்கிவிட்டான்.

அம்மாவுக்கு இது தெரியாது. அன்று அவள் காஜாங்கில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். மாதவி தானாகத்தான் கிளம்பிப் போனாள் என்று இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறாள். இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் அவளிடம் சொல்லியிருப்பேன். அதற்கப்புறம் அவள் என் முகத்தில் விழிப்பாளோ மாட்டாளோ, தெரியாது. அவளைத் தினமும் கூப்பிடும்மா. அழுதால் அழவிடு. எனக்காக அவளிடம் பரிந்து பேச வேண்டாம்.

நீ நூறு வயது இருக்க வேண்டும். உனக்கு ஒருவனைப் பிடித்து, பிறகு ஒருநாள் அவனைப் பார்த்துப் பயம் வந்தால், பெட்டியைக்கூட எடுக்காமல் கிளம்பி வந்துவிடு. ஏன் வந்தாய் என்று நான் கேட்க மாட்டேன்.

உன் அப்பா,
அய்யாவு